கேசட்டின் மேல் இருந்த பெயர்

பத்தாயிரம் ரூபாயை மயிலாத்தாள் ஒரு மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிறவர். அறுபது வயதிருக்கும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, நூல் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறைக்குப் படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்குவது அடங்குவதற்குள் பையை என் மேசையில் வைத்தார்.

“போனஸ்ல மிச்சம் புடிச்சதுங்க அம்முணி. எங்க ஊட்டுக்காரர் பேசுன கேசட்டு இருக்குதுங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

நான் இரும்பு பீரோவைத் திறந்தேன். ஈர அட்டையும் புளித்த மாவும் கலந்தாற்போல ஒரு வாடை அடித்தது. மூன்றாவது தட்டில், ஓரத்திலிருந்து எட்டாவது கேசட். என் கையெழுத்தில்தான் எழுதியிருந்தது: ‘சாயப்பட்டறை – குப்புசாமி பேட்டி.’

“இருக்குதுங்கக்கா,” என்றேன்.

குப்புசாமி அந்த ஸ்டிக்கரில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கேசட்டுக்குள் இருக்கிறாரா என்பது தெரியாது. தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பணத்தையும் வாங்கிக்கொண்டேன்.

டிவியில் சொன்னது

செக்கிங் டேபிளில் பனியனைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்த நான், எங்கள் ஊர் கேபிள் சேனலில் செய்தி வாசிக்கப் போன கூத்தைச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். செய்தி வாசிப்பதோடு, மைக்கைப் பிடித்துக்கொண்டு கம்பெனி வாசல்களிலும் டீக்கடைகளிலும் தொழிலாளிகளைப் பேட்டி எடுப்பதும் என் வேலைதான். சாயங்காலம் ஏழு மணிக்கு அது ஒளிபரப்பாகும். தங்களையே டிவியில் பார்க்க லைன் வீடு லைன் வீடாக ஜனம் கூடி உட்கார்ந்திருக்கும்.

சாயப்பட்டறைகள் கொஞ்ச நாள் மூடிக் கிடந்த ஒரு சமயத்தில், வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தவர்களைப் பேட்டி எடுத்தோம். அதில் ஒருவர்தான் மயிலாத்தாளின் வீட்டுக்காரர் குப்புசாமி. அது ஒளிபரப்பான அன்றைக்கு மயிலாத்தாளுக்கு ஷிப்மெண்ட் அவசரம், ஓவர்டைம். வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

“பக்கத்து ஊட்டுக்காரிக அத்தனை பேரும் என்னையப் பாத்துச் சிரிக்கறாங்க. ‘உன்னையப் பத்தி டிவில சொன்னாரு’ன்றாங்க. என்ன சொன்னாருன்னா ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அவரையே கேட்டனுங்க. ‘டிவிலயே சொல்லியாச்சு, மறுக்காவும் எதுக்கு?’ன்னு போட்டாரு. பொறவு பல தடவை கேட்டுப் பாத்துட்டனுங்க. வம்புக்குன்னே சொல்ல மாட்டேன்னுட்டாரு.”

சில வருஷம் கழித்து அவர் இறந்துபோனார். சொல்லாமலேயே போய்விட்டார். மயிலாத்தாள் பத்தாயிரம் ரூபாய் கொண்டுவந்தது அந்த ஒரு வார்த்தைக்காக.

ஒன்றுக்கு ஒன்று

பணம் வசூலிக்க நாங்கள் கிளம்பிய கதையையும் சொல்ல வேண்டும்.

சேனல் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கேமரா பிடித்த நாகராஜ் இப்போது பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். மிச்சம் இருந்தது நானூறு சொச்சம் வீடியோ கேசட்டுகளும் அந்த பீரோவும்தான். போன மழைக்காலம் முடிந்து திறந்து பார்த்தால், பல கேசட்டுகளின் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. சென்னையில் இவற்றைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒருவர் இருக்கிறார். விலையைக் கேட்டதும் நாகராஜ் போனைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

அப்போதுதான் வெளியூர் அறக்கட்டளை ஒன்று கை கொடுத்தது. ஊர் மக்களிடம் நீங்கள் ஐந்து லட்சம் திரட்டினால், நாங்கள் ஐந்து லட்சம் போடுகிறோம் என்றார்கள். நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எங்கள் ரூபாய் ஒன்று. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஐம்பது நாளைக்குள் முடிக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அவர்கள் பங்கு கிடையாது. ஒரு ஆள் பேரில் பத்தாயிரத்துக்கு மேல் சேராது. ஊருக்கே இதில் அக்கறை இருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டுமாம்.

இதை எங்கள் ஊர் முதலாளி ஒருவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

“எதுக்குங்க வீதி வீதியா அலையறீங்க? அஞ்சு லட்சத்தையும் நானே போட்டுடறனுங்க.”

“பத்தாயிரத்துக்கு மேல கணக்குல சேராதுங்கண்ணா.”

“அப்ப நான் குடுத்தா அது காசு இல்லீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவர் பத்தாயிரத்துக்கு ஒரு செக்கும், மனம் கேட்காமல் மூன்று பண்டல் பனியனும் அனுப்பிவைத்தார். எங்கள் ஊர்க்காரர்களின் கை அப்படித்தான். கிரிக்கெட் மேட்ச்சா, ரத்ததான முகாமா, பாதயாத்திரையா, எது கேட்டாலும் முதலில் பனியன்தான் வரும். நாங்கள் வாயைத் திறந்த இடமெல்லாம் பண்டல் பண்டலாக வந்து இறங்கியது. அறையில் கால் வைக்க இடமில்லை. அறக்கட்டளையில் பொறுப்பில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டுப் பனியனைக் கணக்கில் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். மிகவும் மரியாதையாக, சேர்க்க மாட்டோம் என்றார்.

உரிக்க முடியாத ஸ்டிக்கர்

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் புதுக் கேசட் வாங்கச் சேனலில் காசு இருக்காது. ஆகவே பழைய கேசட்டின் மேலேயே புதிதாகப் பதிவு செய்வோம். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவு செய்கிற பொறுப்பு என்னுடையது. அமைச்சர் வந்ததை வைத்துக்கொண்டேன். கும்பாபிஷேகங்களை வைத்துக்கொண்டேன். விளம்பரம் எடுக்கக் கேசட் வேண்டும் என்றால், தொழிலாளிகள் பேட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பேன். இந்த ஆட்கள் எங்கே போய்விடப் போகிறார்கள், நாளைக்கே போய் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தவள்தான். அதனால்தானோ என்னவோ, அவர்கள் பேச்சு எனக்கு மலிவாகத் தெரிந்திருக்கிறது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

ஸ்டிக்கர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கேசட்டில் ஒட்ட நாங்கள் ஸ்டிக்கர் வாங்கியதில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் அட்டைப்பெட்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரில் மிச்சம் மீதி கேட்டு வாங்கிவருவேன். கப்பலில் கடல் தாண்டிப் போகிற பெட்டிக்கான பசை அது. ஒட்டினால் ஒட்டியதுதான், நகத்தால் சுரண்டினாலும் உரியாது. மேலே இன்னொன்று ஒட்டினால் தடித்துப்போய் பிளேயரில் சிக்கும். அதனால் கேசட்டுக்குள் இருப்பது மாறினாலும் மேலே எழுதியதை மாற்ற மாட்டேன். எதன் மேல் எதைப் பதிவு செய்தோம் என்று தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். சேனல் மூடியபின் ஒரு மழையில் கூரை ஒழுகி, அந்த நோட்டு கூழாகிப் போயிற்று.

அப்படியென்றால் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்களிடம் இருந்த இரண்டு பிளேயரிலும் ரப்பர் பெல்ட் உருகிப் போயிருந்தது. வேறு எங்காவது தேடிப் பிடித்தாலும், பூஞ்சையைத் துடைக்காமல் ஓட்டினால் டேப் கிழிந்துவிடும், அப்புறம் எனக்கு அனுப்பவே வேண்டாம் என்று சென்னைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். துடைக்கப் பணம் வேண்டும். பணம் கேட்டால் ஜனங்கள், எங்க ஆளு அதுல இருக்காருங்களா என்கிறார்கள். நான் ஸ்டிக்கரைப் படித்துச் சொல்கிறேன்.

மயிலாத்தாள் வந்துபோன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தாலே அவராக இருக்குமோ என்று பதறினேன். நாகராஜிடம் சொன்னேன்.

“அக்கா, இல்லைன்னு தெரிஞ்சுட்டே நீங்க ஒண்ணும் பொய் சொல்லலீங்களே. இருந்தாலும் இருக்குமுங்க. இப்ப வாயைத் தொறந்தீங்கன்னா மொத்தமும் போயிருமுங்க. ஊரே வந்து காசைத் திருப்பிக் கேக்கும்.”

அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஒருவேளை கேசட்டில் இருந்துவிட்டால்? பணம் சேராமல் போனால் குப்புசாமியோடு நானூறு கேசட்டும் சேர்ந்தே போகும். இந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு நான் நாலைந்து நாள் ஓட்டினேன்.

லைன் வீட்டில்

கெடுவுக்கு ஆறு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாத்தாளின் வீட்டுக்குப் போனேன். பத்து வீடு ஒரே வரிசையாக இருக்கும் லைன் வீட்டில் கடைசி வீடு. பக்கத்து வீட்டு வடநாட்டுப் பையன்கள் போனில் ஹிந்திப் பாட்டு வைத்திருந்தார்கள். மயிலாத்தாள் ஒரு வாரத் துணியையும் வாளியில் போட்டு அலசிக்கொண்டிருந்தார்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், நோட்டு, அழித்தது, எல்லாம். அவர் கையைத் துடைத்துக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப அன்னைக்கு இருக்குதுன்னீங்க?”

“மேல எழுதியிருந்ததைப் பாத்துச் சொல்லீட்டனுங்கக்கா. உள்ள இருக்குதான்னு எனக்கே தெரியாதுங்க.”

ஒரு சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். இன்னொன்றையும் பிழிந்தார்.

“அப்பப் பணத்தைத் திருப்பிக் குடுத்துருங்க அம்முணி. தப்பா நெனைக்காதீங்க. அது அந்தக் கேசட்டுக்குன்னு வெச்ச பணமுங்க.”

பரவாயில்லைங்க, இருக்கட்டுங்க என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்துத்தான் நான் போயிருக்கிறேன். அவர் பணத்தைக் கேட்ட பிறகுதான் இது எனக்கே விளங்கியது. மன்னிப்பு வாங்கிக்கொண்டு, பணத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறேன். சாமர்த்தியக்காரிதான்.

மறுநாள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைத்தார்.

ஆறு நாள்

ஒருவரிடம் சொன்னபின் மற்றவர்களிடம் மறைக்க முடியாது. பணம் போட்ட எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதினேன். ‘கேசட்டின் மேல் இருக்கும் பெயர் உள்ளேயும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பல பேட்டிகளை நானே அழித்திருக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.’ அனுப்பிவிட்டு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். நாகராஜ் என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

நாலு பேர் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தோம். ஒருவர் அரை மணி நேரம் போனில் திட்டினார், ஆனால் பணத்தைக் கேட்கவில்லை. ஒரு டெய்லர், எங்க சங்க ஊர்வலத்தையாவது வெச்சிருக்கீங்களா இல்ல அதுலயும் நகைக்கடை வெளம்பரமா என்று கேட்டுவிட்டு ஐந்நூறு அனுப்பினார். புதன்கிழமை கணக்குப் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு மேல் குறைந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. செய்தி வாசித்த காலத்தில் விளக்கைப் போட்டதும் இப்படித்தான் வேர்க்கும்.

அப்புறம் நாகராஜுக்குத்தான் யோசனை வந்தது. அறை முழுக்கப் பனியன் கிடக்கிறதே, பணம் போடுகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கொடுத்தால் என்ன? பண்டல்களை ஆட்டோவில் ஏற்றி, கம்பெனி விடுகிற நேரத்துக்கு வாசலில் கொண்டுபோய் இறக்கினோம். இருநூறு போட்டவர்களுக்கு இரண்டு பனியன், பேரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டோம். ‘பேட்டிகளை அழித்திருக்கலாம்’ என்று ஒரு பிளக்ஸும் அடித்து மாட்டச் சொன்னேன். நாகராஜ் தலையில் அடித்துக்கொண்டே அடித்துக் கொடுத்தான். வந்தவர்களில் பாதிப் பேர் பனியனுக்காகத்தான் வந்தார்கள். ஒரு ஒடிசாப் பெண் மட்டும், நாங்கள் பேசினாலும் பதிவு பண்ணுவீர்களா என்று கேட்டாள்.

சனிக்கிழமை நாலு மணி சுமாருக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டியது. நான் ஆட்டோவின் பின் சீட்டில், மிச்சம் இருந்த ஒரே பண்டலின் மேல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் என்றுதான் நாகராஜ் நினைத்துக்கொண்டான்.

ஆடித் தள்ளுபடி

சென்னையிலிருந்து கேசட்டுகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் கோப்பாக வர ஆரம்பித்தன. சில நன்றாக இருந்தன. சில கொஞ்சம் தேறின. சங்க ஊர்வலம் இருந்தது. டெய்லருக்கு அனுப்பினேன்.

குப்புசாமி பேட்டி ஒரு காலை நேரத்தில் வந்தது. இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் திறந்தேன்.

ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி. கடுகு நிறப் பட்டுப்புடவையில், தலை நிறையப் பூவோடு நான் நிற்கிறேன். ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடுகிறேன். ஒவ்வொரு அடுக்காகப் புடவையை எடுத்து விரித்துக் காட்டுகிறேன். அரை மணி நேரம் ஓடுகிறது. கடைசியில் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதோடு சரி. அடியில் பழையது ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று சென்னைக்காரரைக் கேட்டேன். துடைத்த சிலேட்டு மாதிரிதான் மேடம், ஒன்றும் வராது என்றார்.

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மயிலாத்தாள், “போடுங்க, பாக்கறேன்,” என்றார்.

“அதுல அவரு இல்லீங்கக்கா.”

“பரவால்லீங்க. போடுங்க.”

என் போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, அரை மணி நேர விளம்பரத்தையும் கண்ணெடுக்காமல் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சிரிப்பும் என் ‘வாங்க, வாங்க’வும் அந்தச் சின்ன அறையில் கேட்டுக்கொண்டே இருந்தன. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுதுங்க.”

“கடைசியை மட்டும் இன்னொருக்காப் போடுங்க.”

அந்த இரைச்சலை மறுபடி போட்டேன். அதையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கேள்வி கேட்டது நீங்கதானுங்களே அம்முணி. நேர்ல நின்னு கேட்டீங்க. அவரு என்னங்க சொன்னாரு?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் ஏன் நினைக்கவே இல்லை? பேட்டி எடுத்தவள் நான். அவர் சொன்னதைக் கேட்ட காது என்னுடையது. ஒரு நல்ல பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ‘என்ற சம்சாரம் இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்?’ இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பார். நான் சொன்னால் மயிலாத்தாள் நம்பிவிடுவார். காலம் முழுக்க அதை வைத்துக்கொண்டிருப்பார்.

“ஞாபகம் இல்லீங்கக்கா,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “நல்லா ரோசன பண்ணுங்க. நான் டீ வெக்கறேன்,” என்று எழுந்து போனார். நான் யோசித்தேன். டீ வந்தது. எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. குடித்து முடித்து டம்ளரை வைத்தபோது, “அடுத்த ஞாயித்துக்கெழமையும் எனக்கு லீவுதானுங்க,” என்றார். “வாங்க. வந்து ரோசன பண்ணுங்க.”

ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். பஸ் ஏறும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஞாபகம் வராமல் போய்விடுமோ என்பதைவிட, அவருக்குக் கொடுப்பதற்காக நானே ஒன்றை இட்டுக்கட்டிவிடுவேனோ என்ற பயம்தான் அதிகம். அதனால் வாயில் வருகிற எதையும் முதலில் நாகராஜிடம் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன்.

போன வாரம் ஒன்று ஞாபகம் வந்தது. நாகராஜும் ஆமாம் என்றான். பதில் சொல்வதற்கு முன் குப்புசாமி சிரித்தார். என்னைப் பார்த்துப் பேசச் சொல்லி நாகராஜ் இரண்டு தடவை சத்தம் போட்டும் அவர் கேட்கவே இல்லை. போய் மயிலாத்தாளிடம் சொன்னேன்.

“சிரிச்சாருங்களா?” என்றார். அப்புறம், “எங்க பாத்துச் சிரிச்சாருங்க?” என்று கேட்டார்.

“கேமராவைப் பாத்துங்கக்கா.”

“அப்ப என்னையப் பாத்துத்தானுங்க,” என்றார் மயிலாத்தாள்.